மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம்: யூடியூபா, வாட்ஸ்அப் குரூப்பா, மாமாவின் வீடியோ காலா?

மே மாதம் பிறந்துவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளையை எல்கேஜி சேர்க்கப் போறோம் டீச்சர். அதுக்குள்ள போன்ல எதைப் போட்டுக் காட்டினா கொஞ்சம் இங்கிலீஷ் வரும்?" நர்சரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். "ஒன்றும் காட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பதில் யாருக்கும் உதவாது. அப்பா குவைத்திலும் மாமா சிங்கப்பூரிலும் இருக்கிற வீட்டில், பிள்ளை பிறந்த வாரமே போனுக்கு முன்னால் காட்டப்பட்டுவிடுகிறது. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது எந்த வீட்டுக்கு ஒத்துவரும் என்று சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2 முதல் 4 வயதுவரை உள்ள பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐஏபியும் இதையே சொல்கிறது. 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், எப்போதாவது உறவினரோடு வீடியோ கால் பேசுவது மட்டும் விதிவிலக்கு என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அப்பாயி மடியில் உட்கார்ந்து பார்க்கிற சீரியலும் சேரும், சாப்பாடு ஊட்டும்போது போடுகிற கார்ட்டூனும் சேரும். ஆக, ஆங்கிலத்துக்கு என்று மிஞ்சுவது இருபது நிமிடம் இருந்தால் அதிகம். அந்த இருபது நிமிடத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய முடிவு.

இதற்கு உதவும் இரண்டு ஆய்வுகள் உண்டு. 2003இல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கிப் பார்த்தது. சில குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். மற்றக் குழந்தைகள் அதே ஆட்களை வீடியோவில் பார்த்தார்கள், அல்லது குரலை மட்டும் கேட்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் 2014இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. இரண்டிலிருந்து இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தார்கள். நேரில் கற்ற பிள்ளைகளும் வீடியோ காலில் கற்ற பிள்ளைகளும் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு பிள்ளையோடு பேசிய வீடியோ காலின் பதிவைப் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. வீடியோ கால், பதிவு இரண்டிலும் திரைதான். ஒன்றில் திரைக்குள் இருந்த ஆள் பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னார். மற்றதில் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார்.

என் அளவுகோலும் இதுதான். எந்தச் செயலி, எந்தச் சேனல் என்பதைவிட, பிள்ளை வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் நல்ல வீடியோவிலிருந்து கொஞ்சம் கற்கத் தொடங்குவார்கள் என்பது உண்மை. ஆனாலும் பதில் சொல்லும் ஆளுக்கு அது ஈடாகாது.

சரி, எல்லா வீட்டிலும் இருக்கும் யூடியூபிலிருந்து தொடங்குவோம். சாதாரண யூடியூபைப் பிள்ளை கையில் கொடுப்பதை நான் கடைசி இடத்துக்கு அருகில் வைக்கிறேன். ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கிறது. உச்சரிப்பு தெளிவு, மெட்டு மனதில் நிற்கும். ஒரே பாட்டை ஐம்பது தடவை கேட்ட பிள்ளை முழுதாகப் பாடவும் பாடும். பாடிய பிள்ளையிடம் அந்தப் பாட்டில் வரும் ஒரு பொருளை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முழிக்கும். பாட்டு முழுக்க ஒரே ஓசைத் தொடராக உள்ளே போயிருக்கிறது, சொல்லாகப் பிரியவில்லை. அடுத்தது, ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாக ஓடும் அமைப்பு. அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி வருவதற்குள் எழுத்துப் பாட்டு போய் பொம்மை பிரிக்கும் வீடியோ வந்திருக்கும். வேகமும் ஒரு பிரச்சினை. நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், காட்சி சடசடவென்று மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த பிள்ளைகள், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடக் கவனமும் பொறுமையும் வேண்டிய வேலைகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள். ரைம்ஸ் சேனல்களில் பலவும் அதே வேகத்தில்தான் போகின்றன.

'குழந்தைகளுக்கானது' என்ற அடையாளத்தைப் பார்த்து நம்பிவிடுகிறவர்கள் உண்டு. 2019இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட வழக்குத் தீர்வில் கூகுள் நிறுவனமும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டின. அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியிலிருந்து அந்த அடையாளம் கட்டாயமானது. அப்படிக் குறிக்கப்பட்ட வீடியோக்களில் பின்னூட்டம் கிடையாது, பார்ப்பவரைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரம் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வீடியோ யாருக்கானது என்று சொல்லுமே தவிர, பாடம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

யூடியூப் கிட்ஸ் இதைவிடப் பல படி மேல். இந்தியாவுக்கு 2016இல் வந்தது, இலவசம். இதைப் போனில் இறக்கி வைத்திருக்கிற வீடுகள்கூட உள்ளே இருக்கும் முக்கியமான வசதியைத் தொடுவதில்லை. பெற்றோர் அமைப்புக்குள் போனால், நாம் தேர்ந்தெடுத்த வீடியோக்களும் சேனல்களும் மட்டுமே தெரியும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் தேடும் வசதியும் மூடிக்கொள்ளும். தானாக ஓடுவதை நிறுத்தலாம். நேரம் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் டைமரும் உண்டு. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வீடியோவைப் பொறுக்கி வைத்தால் சில மாதங்களுக்குப் போதும். "அலுத்துப் போகாதா?" என்று கேட்பார்கள். இந்த வயதில் அலுக்காது. அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிற வயது, அப்படிக் கேட்டுத்தான் சொல்லும் தங்கும். பொறுக்கும்போது மூன்றைப் பாருங்கள். பேசுகிறவர் நிதானமாகப் பேசுகிறாரா? கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்ல இடைவெளி விடுகிறாரா? நம் பிள்ளை கண்ணால் பார்க்கிற பொருட்கள் வருகின்றனவா? பனிமனிதனையும் பூசணித் திருவிழாவையும் வைத்து ஆங்கிலம் கற்றால் அந்தச் சொற்களைப் புழங்க இங்கே இடமில்லை. வாத்து வரும் வீடியோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்து மேயும்போது, வரப்பில் நின்று அந்தச் சொல்லை நிஜமாகவே சொல்லிப் பார்க்கலாம். கொக்கு, நண்டு, எருமை, டிராக்டர், மழை எல்லாம் அப்படித்தான்.

யூடியூப் கிட்ஸும் பதில் சொல்லாது. பதில் சொல்லும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். இங்கேதான் அம்மாக்கள் தயங்குகிறார்கள்: "எனக்கே இங்கிலீஷ் வராதே டீச்சர்." தமிழிலேயே கேளுங்கள். "அந்தப் பூனை எங்க ஒளிஞ்சுச்சு? நம்ம வீட்டுல சிவப்பா என்ன இருக்கு?" பிள்ளை "பாக்ஸ்குள்ள", "ரெட் வாளி" என்று கலந்து சொல்லும். அது தப்பே இல்லை. திரையில் கேட்ட சொல்லை வீட்டுப் பொருளோடு கட்டிப்போடுகிற வேலை அங்கே நடந்துவிடுகிறது. உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று தமிழில் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு அதன் ஆங்கிலச் சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். தமிழில் அந்த எண்ணமே இல்லாத பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் ஒட்ட இடம் கிடைக்காது. அதனால், ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் 13 வயதுக்குக் கீழே கணக்கே வைக்க விடுவதில்லை. அரை நிமிடத்துக்கு ஒன்று என்று தள்ளிக்கொண்டே போகும் இடத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல்லும் நிற்காது. வேண்டாம். "ஒரு நாளைக்கு ஐந்து ஆங்கில வாக்கியம்" போன்ற ரீல்ஸை அம்மா பார்த்துத் தான் கற்றுக்கொண்டு பிள்ளையிடம் பேசினால், அது நல்ல வழி. அங்கே கற்பிக்கிறவர் அம்மா.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளுக்கு மிகவும் ஒத்துவரக்கூடியது இதுதான், நாம் மிக மோசமாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். இப்போது பல நர்சரிப் பள்ளிகளின் குரூப்பில் வருவது என்ன? வீட்டுப்பாடப் பக்கத்தின் போட்டோ, யூடியூப் லிங்க் நாலைந்து, காலை வணக்கப் படங்கள், "என் பையன் சொல்லிட்டான்" என்று ஒரு அம்மா போடும் வீடியோ, அதைப் பார்த்து மற்ற அம்மாக்களுக்கு வரும் படபடப்பு. இதில் பிள்ளைக்கு எதுவும் இல்லை.

அதே குரூப்பை வேறு விதமாக நடத்தலாம். பிள்ளைக்குத் தெரிந்த டீச்சர், பால்வாடி டீச்சரானாலும் சரி, தினம் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று மட்டும் அனுப்புகிறார். இரண்டு ஆங்கில வாக்கியம்: ஸ்பூனை எடுத்து வா, அம்மாவிடம் கொடு. பிள்ளை கேட்கிறது, ஓடிப் போய் எடுத்து வருகிறது, பதிலுக்கு "ஸ்பூன் மிஸ்!" என்று கத்தி ஒரு வாய்ஸ் அனுப்புகிறது. மறுநாள் டீச்சர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார். பதில் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வருகிறது. வருகிற குரல் பிள்ளைக்குத் தெரிந்தவரின் குரல். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தே இதைக் கேட்கலாம். திரை வேண்டியதில்லை என்பதால் அந்த ஒரு மணி நேரக் கணக்கிலிருந்து ஒரு நிமிடம்கூடப் போகாது. டேட்டாவும் கிட்டத்தட்டச் செலவே இல்லை. வாய்ஸ் மெசேஜ் நிமிடத்துக்கு ஒரு எம்பிகூட ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கரண்ட் போய் டவரும் தடுமாறும் நாட்களில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். வாய்ஸ் மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும்.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். அட்மின் மட்டுமே பதிவிடும்படி குரூப்பை அமைத்துவிட்டு, பிள்ளைகளின் பதில்கள் டீச்சருக்குத் தனியாகப் போக வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு கிளம்பாது. ஒரு நாள் பதில் வராவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. இருபது பிள்ளைகளுக்கு மேல் ஒரு டீச்சரால் பெயர் சொல்லிப் பதில் தர முடியாது, அதனால் பெரிய குரூப் பயன்படாது. டீச்சரின் வேலைப்பளுவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தினம் முடியாது என்றால் வாரத்தில் மூன்று நாள் போதும்.

"டீச்சருக்கே உச்சரிப்பு சரியா வராதே" என்ற குறை உடனே வரும். ஓரளவு நியாயமான குறைதான். நாம் தமிழ் எழுத்து வழியாக ஆங்கிலம் படித்துப் பழகியவர்கள். 'பெட்', 'பேட்' போன்ற நெருக்கமான ஒலிகள் பலருக்கும் ஒன்றாகவே வரும். பிள்ளையின் காது இன்னும் அப்படிப் பழகவில்லை. அதனால் யூடியூப் கிட்ஸில் பொறுக்கி வைத்த சில ஒலிப் பாடங்கள் இதற்குத் துணை நிற்கும். ஆனால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்பதற்காகப் பதில் சொல்லாத வீடியோவை, பதில் சொல்லும் டீச்சருக்கு மேலே வைக்க மாட்டேன். உச்சரிப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படும் பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அது இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். இருந்தால், போன் வழியாகச் செய்வதை அந்த டீச்சரோடு பேசி அதே பாடத்தோடு ஓட்டுவது நல்லது. தனியாக ஒரு பாடத்திட்டம் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது வீடியோ கால். ஆய்வுப்படியும் என் அனுபவப்படியும் முதலிடம் இதற்குத்தான். டெல்டாவுக்கு இது சும்மா கிடைத்திருக்கிற வாய்ப்பு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று எங்கே பார்த்தாலும் ஒரு தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டி இருக்கிறார். தினமும் கால் வருகிறது. அதில் பத்து நிமிடத்தை மட்டும் பிள்ளைக்குத் தனியாக ஒதுக்கினால் போதும்.

எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏ பி சி டி சொல்லு, மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று தொடங்கினால் பிள்ளை ஓடிவிடும். மாமா ஒரு பொருளை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டு, மெல்லக் காட்டட்டும். அடுத்து பிள்ளையின் முறை: வாசலுக்குப் போனைக் கொண்டுபோய் ஆட்டுக்குட்டியைக் காட்டட்டும், மாமா அதன் நிறம் என்ன, என்ன தின்கிறது என்று கேட்கட்டும். மூன்று நாலு சொற்கள் ஒரு வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் போதும். மாமாவின் பிள்ளைகளே அங்கே பேசக் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச ஆள் வேண்டும், நம் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பேச ஆள் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் லாபம் தருகிற ஏற்பாடு, செலவு இல்லாதது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே மாலை 6 என்றால் அங்கே எட்டரை, பிள்ளைகள் தூங்கப் போகும் முன் பேசிவிடலாம். குவைத், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். வேலை நாளில் இங்கே பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அங்கே டூட்டி முடிந்திருக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறைதான் தோது. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் சரியாகக் கிடைப்பதில்லை, அங்கே இருப்பவர்கள் போட்டிம் என்ற செயலி வழியாகத்தான் பேசுகிறார்கள் என்பது அந்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்ததே. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம் பாடம் எடுக்கச் சொல்வது. அவர் களைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் கொஞ்சுவது பிள்ளைக்கு எந்த ஆங்கிலத்தையும்விட அவசியம்.

காசு கட்டிச் சேரும் ஆன்லைன் வகுப்புகளின் விளம்பரமும் இதே போனில்தான் வருகிறது. நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்றால் யோசிக்கலாம். இருபது முப்பது முகம் தெரியும் வகுப்பு என்றால் அதுவும் பதில் சொல்லாத வீடியோ மாதிரிதான். ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் பேசியதைப் படமெடுத்து ரீல்ஸிலும் ஸ்டேட்டஸிலும் போடுவது கற்பித்தலில் சேராது. கேமராவைத் தூக்கிய நொடியில் அது பரீட்சையாகிவிடுகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதனாலேயே வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி பெயர் தெரியும் சீருடை, வீட்டு வாசல், பிள்ளையின் பெயர் எல்லாம் யார் யார் கைக்கோ போகிறது. ஒரு முறை போனது திரும்பி வராது. 2023இல் வந்த நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்று கணக்கிட்டு, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் நிறுவனங்களுக்குத் தடுக்கிறது. பெற்றோரே பொதுவில் போடும் வீடியோவை அந்தச் சட்டம் எப்படித் தடுக்கும்? அப்பா பார்க்க வேண்டும் என்றால் அப்பாவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு எது? வெளிநாட்டில் ஆள் இருந்து, வீட்டில் அம்மாவும் அப்பாயியும் இருக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: வாரத்தில் மூன்று நாலு நாள் பத்து நிமிட வீடியோ கால், மற்ற நாட்களில் பொறுக்கி வைத்த யூடியூப் கிட்ஸ் கால் மணி நேரம், பக்கத்தில் அம்மா. கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி டவுனில் பிள்ளை ஏற்கெனவே நர்சரிக்குப் போகிறது என்றால், புதிதாக எதையும் சேர்க்காமல் அந்த மிஸ்ஸிடம் பேசி குரூப்பைச் சீர்படுத்தப் பாருங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அம்மா, அப்பா இருவரும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் கடைக்கும் போய்விட்டு இருட்டும்போது திரும்புகிற வீடுதான் கடினம். அங்கே பிள்ளையோடு இருப்பது தாத்தா பாட்டிதான், பக்கத்தில் உட்கார்ந்து யூடியூப் கிட்ஸை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்க அவர்களால் முடியாது. அந்த வீட்டில் பிள்ளை கையில் போனைக் கொடுத்து ஆங்கிலம் என்று பேர் வைப்பதைவிட, பால்வாடி டீச்சரின் வாய்ஸ் மெசேஜை இரவு சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்பதே நல்லது. டீச்சரால் முடியாவிட்டால் தெருவில் கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருத்தி இருப்பாள், அவளிடம் கேளுங்கள். அவளுக்கு அரை நிமிடம்தான் ஆகும்.

ஒரு மாதம் கழித்துச் சோதித்துப் பாருங்கள், ஆனால் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். போன் பக்கத்தில் இல்லாதபோது, யாரும் கேட்காமல், பிள்ளை தானாக ஒரு ஆங்கிலச் சொல்லைச் சரியான இடத்தில் எடுத்துப் போடுகிறதா என்று கவனியுங்கள். போட்டால் எடுத்த வழியைத் தொடருங்கள். பாட்டு மட்டும் வந்து சொல் வரவில்லை என்றால் வழியை மாற்றுங்கள். ரைம்ஸ் எல்லாம் ஒப்பிக்கிற பிள்ளை, இரண்டரை வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், பசிக்கிறது என்று எந்த மொழியிலும் கேட்காமல் இருந்தால், ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்கேஜி சேர்க்கைவரை காத்திருக்க வேண்டாம்.